பத்து நிமிடக் குரல்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இசைப் பள்ளிகளில் முதுகலைக் குரலிசைப் படிப்புக்கான நேர்முகத் தேர்வுகள் பெரும்பாலும் ஜனவரி நடுவில் தொடங்கி மார்ச் தொடக்கத்துக்குள் முடிந்துவிடுகின்றன. குரலை ஒரு கருவியாகக் கொண்டால், அந்தக் கருவிக்கு ஆண்டிலேயே மிக மோசமான வாரங்கள் இவை. வெளியே பனி. உள்ளே சூடாக்கிகள் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிட்ட வறண்ட காற்று. போகுமிடமெல்லாம் சளிக் காய்ச்சல். வயலின்காரர் தம் வயலினைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம். பாடுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. அவருடைய கருவி கழுத்துக்குள் இருக்கிறது. அவர் பேசும்போதும் இருமும்போதும் தூங்காமல் புரளும்போதும் அதுவும் சேர்ந்தே தேய்கிறது.

2024-ஆம் ஆண்டின் அந்த வாரங்களை நாங்கள் எங்கள் மகளின் தொண்டைக்குக் காவலிருந்து கழித்தோம். ஒஹாயோவிலுள்ள எங்கள் வீட்டில் அறைக்கொரு ஈரப்பதக் கருவி புகைந்துகொண்டிருந்தது. ரசத்தில் மிளகைக் கூட்டி மிளகாயைக் குறைத்தோம். குழந்தைகள் தும்மிக்கொண்டிருந்த நண்பர் வீட்டுப் பொங்கல் விருந்துக்குப் போகவில்லை. மகளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சோப்ரானோ என்று சொல்லப்படும் உச்சப் பெண்குரல். இளங்கலையில் நான்கு ஆண்டுகள் மேற்கத்தியக் குரலிசையைப் படித்திருந்தாள். முதுகலையிலும் அதையே தொடர விரும்பினாள்.

பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் இங்கே எப்படி இடம் கிடைக்கிறது என்பது நம்மவர்களுக்கு மனப்பாடம். எந்தத் தமிழர் வீட்டு விருந்திலும் அதைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்கலாம். ஆனால் ஒரு குரலுக்கு எப்படி இடம் தருகிறார்கள் என்று தமிழில் எவரும் எழுதி நாங்கள் படித்ததில்லை. எங்களில் ஒருவர் சிறுவயதில் கீர்த்தனைகள் வரை கற்றவர். மற்றவருக்குக் கேட்க மட்டுமே தெரியும். ஓபரா இருவருக்குமே மகள் வழியாக வந்தது. ஆகவே இங்கே நாங்கள் எழுதுவது வல்லுநர்களின் பேச்சல்ல. கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களின் குறிப்பு என்று கொள்ளலாம்.

*

விண்ணப்பங்களுக்குப் பல பள்ளிகள் டிசம்பர் முதல் தேதியைக் கெடுவாக வைத்திருக்கின்றன. அதற்கு முன்பே முன்தேர்வுக்கான காணொளிகளைத் தயார் செய்துவிட வேண்டும். ஒவ்வொரு பாட்டும் ஒரே மூச்சில், வெட்டாமல் ஒட்டாமல் பதிவாகியிருக்க வேண்டும். பெருந்தொற்றின் காரணமாக 2021-இல் பல பள்ளிகள் முழுத் தேர்வையுமே காணொளியில்தான் நடத்தின. பிறகு நேர்முகம் திரும்பி வந்தது. மகள் ஆறு பள்ளிகளுக்கு விண்ணப்பித்தாள். இரண்டு பள்ளிகள் முன்தேர்வோடு நிறுத்திக்கொண்டன. நான்கு பள்ளிகள் நேரில் அழைத்தன. அவற்றின் பெயர்களை இங்கே சொல்லப்போவதில்லை. அந்த அறைகளில் பாடிய மற்றப் பிள்ளைகளின் கதையும் அதில் கலந்திருக்கிறது.

நேர்முகத்துக்கு ஐந்து பாடல்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும். இத்தாலியம், ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளும் அவற்றில் இடம்பெற வேண்டும். ஓபராவிலிருந்து ஓர் ஆரியா கட்டாயம். முதல் பாடலைப் பாடுகிறவர் தேர்ந்தெடுக்கலாம்; அடுத்ததை நடுவர்கள் கேட்பார்கள். மொத்தம் பத்து நிமிடங்கள். இந்த விவரங்கள் பள்ளிக்குப் பள்ளி கொஞ்சம் மாறுமே தவிர அடிப்படை ஒன்றுதான்.

மகளின் பட்டியலில் மொஸார்ட், ஹேண்டல், ஷூபர்ட், ஃபோரே, ஆரன் கோப்லாண்ட் ஆகிய ஐவர் இருந்தனர். இலக்கிய வாசகர்களுக்கு இதில் ஆர்வமூட்டும் செய்தி ஒன்று உண்டு. ஷூபர்ட்டின் பாடல் கதேயின் கவிதை. ஃபாவுஸ்ட் நாடகத்தில் நூற்புச் சக்கரத்தின் முன் அமர்ந்து கிரெட்சன் பாடுவது. ஷூபர்ட் அதற்கு இசையமைத்தது 1814-இல், தம் பதினேழாம் வயதில். ஃபோரே எடுத்துக்கொண்டது வெர்லேனை. கோப்லாண்ட் 1950-இல் முடித்த தொகுப்பு எமிலி டிக்கின்ஸனின் பன்னிரண்டு கவிதைகளுக்கானது. ஆக, இந்தப் பிள்ளைகள் பாட்டுக்குள் நுழையும் முன் கவிதைக்குள் நுழைந்தாக வேண்டும். மகளின் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பாடலும் மூன்று வரிசைகளாக எழுதப்பட்டிருக்கும். மேலே சர்வதேச ஒலிக்குறிகள், நடுவில் மூலச்சொற்கள், கீழே சொல்லுக்குச் சொல் ஆங்கிலப் பொருள். பதவுரை எழுதிப் பழகிய நம் உரையாசிரியர்கள் பார்த்திருந்தால் அடையாளம் கண்டுகொண்டிருப்பார்கள். ஜெர்மன் சொல் ஒன்றின் இறுதி மெய்யை எவ்வளவு நேரம் பற்றியிருப்பது என்பதற்காக ஒரு மாலை முழுவதையும் அவள் செலவழித்ததைப் பார்த்திருக்கிறோம்.

*

அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில், 2023-இல், இந்த உலகம் எப்படிப்பட்டது என்று அறிந்துகொள்வதற்காக இரண்டு பல்கலைக்கழக ஊர்களுக்குப் போய்வந்தோம்.

ஒன்று இண்டியானா மாநிலத்தின் புளூமிங்டன். எங்கள் ஊரிலிருந்து சோளக்காடுகளின் நடுவே நான்கு மணி நேரப் பயணம். அந்த வட்டாரத்தின் சுண்ணாம்புக்கல் அமெரிக்காவெங்கும் புகழ்பெற்றது. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைப் போர்த்தியிருப்பதும் அதுவே. அந்தச் சிறு நகரத்தில், 1972-இல் திறக்கப்பட்ட ஒரு பெரிய ஓபரா அரங்கம் இருக்கிறது. மேடையில் பாடுவோர், குழியில் வாசிப்போர் எல்லோரும் மாணவர்கள். ஆண்டுதோறும் முழுநீள ஓபராக்கள் பலவற்றை அவர்கள் நடத்துகிறார்கள். இன்று உலகின் பெரிய அரங்குகளில் பாடும் டெனர் லாரன்ஸ் பிரவுன்லி முதுகலை படித்தது இங்கேதான்.

மற்றொன்று மிஷிகனின் ஆன் ஆர்பர். இசைப் பள்ளிக் கட்டடம் ஈரோ சாரினன் வடிவமைத்தது. செயின்ட் லூயிஸ் நகரத்தின் பெரிய வளைவை உருவாக்கிய அதே சாரினன். கட்டடம் 1964-இல் திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. அருகில் ஒரு குளம். வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஜெஸ்ஸி நார்மன் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, இங்கே 1968-இல் முதுகலையை முடித்தார். அடுத்த ஆண்டே பெர்லினில் ஓபரா மேடை ஏறினார். பயிற்சி அறைகளின் வரிசையில் நடந்தபோது ஒவ்வொரு கதவிலிருந்தும் ஒவ்வொரு சுருதியில் ஒவ்வொரு ஸ்வரம் கசிந்துகொண்டிருந்தது. ஜெஸ்ஸி நார்மனும் இருபத்திரண்டு வயதில் இப்படி ஓர் அறைக்குள் நின்று ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடியிருப்பார் என்று எண்ணியபோது எங்களுக்குக் கொஞ்சம் துணிவு வந்தது.

*

தேர்வு நாளின் நடைமுறை எல்லா இடங்களிலும் ஏறக்குறைய ஒன்றே. காலையில் இசைக்கோட்பாட்டில் ஓர் எழுத்துத் தேர்வு. பிறகு குரலைச் சூடேற்றிக்கொள்ள இருபது நிமிடங்களுக்கு ஓர் அறை. துணைக்கு வாசிக்கும் பியானோக்காரரைப் பள்ளியே அமர்த்தியிருந்தால், அவரோடு சில நிமிட ஒத்திகை. சில இடங்களில் அதுவும் கிடையாது. முன்பின் பார்த்திராத ஒருவர், அன்று காலையிலிருந்து முப்பது பேருக்கு வாசித்த விரல்களோடு அமர்ந்திருப்பார். பாடுகிறவர் எந்த வேகத்தில் மூச்செடுக்கிறார் என்பதை முதல் இரண்டு அளவைகளுக்குள் அவர் பிடித்துவிட வேண்டும். பிடித்துவிடுகிறார்கள் என்பதுதான் வியப்பு.

பெற்றோர் தேர்வறைக் கதவருகே நிற்கக்கூடாது. தாழ்வாரத்தின் கோடியில் நாற்காலிகள் போட்டிருப்பார்கள். நாங்கள் அங்கே உட்கார்ந்திருந்தோம். எதிரில் கரும்பச்சைக் கவுன் அணிந்த ஒரு பெண் சுவரைப் பார்த்தபடி உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு இளைஞன் வெந்நீர்க் குடுவையை இரு கைகளாலும் பற்றியிருந்தான். யாரும் யாரோடும் பேசவில்லை. இதைப் பகைமை என்று நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் தத்தம் குரலைச் சேமித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கோடியிலும் குரல் கொஞ்சம் வரத்தான் செய்தது. தடித்த கதவுகள் முதலில் மெய்யெழுத்துகளைத் தின்றுவிடுகின்றன. சொற்கள் கரைந்துபோய் நீண்ட ஒலிகள் மட்டும் வந்து சேரும். எங்களுக்கு உயிர் வந்தது, மெய் வரவில்லை. ஆனால் அது எங்கள் மகளின் குரல் என்பதை அறிய உயிர் போதுமானதாக இருந்தது.

முதலில் அவள் மொஸார்ட்டைப் பாடினாள். 1786-இல் வியன்னாவில் அரங்கேறிய ஃபிகரோவின் திருமணம் ஓபராவில், நான்காம் அங்கத்தில், இரவுத் தோட்டத்தில் சூசன்னா பாடும் ஆரியா. ஃபிகரோ மறைவில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அவள் வேறொருவனை அழைக்கிறாள் என்று நம்பி நொந்துபோகிறான். அவன் கேட்பது அவளுக்குத் தெரியும். மறைந்திருந்து கேட்பவன் பாட்டைத் தவறாகத்தான் புரிந்துகொள்வான் என்பது அந்தக் காட்சியின் நகைச்சுவை. தாழ்வாரத்தில் அமர்ந்து, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் எங்கள் முகங்கள் மாறுவதை நாங்களே ஒருவரிலொருவர் பார்த்தபோது அந்த நகைச்சுவை எங்கள்மீதும் கொஞ்சம் விழுந்தது. உச்ச ஸ்தாயியில் ஓர் இடம் மெலிந்ததாகப் பட்டது. எங்களுக்கு வயிறு கலங்கியது. அடுத்து ஷூபர்ட் தொடங்கியது. இரண்டு பக்கம் போயிருக்கும், சட்டென்று நின்றுவிட்டது. போய்விட்டது என்றே முடிவு செய்தோம்.

வெளியே வந்தவள் முகத்தில் சிரிப்பிருந்தது.

"பாதியிலேயே நிறுத்திட்டாங்களேம்மா" என்று எங்களில் ஒருவர் கேட்டோம்.

"அவங்களுக்கு வேண்டியது கிடைச்சாச்சுன்னு அர்த்தம்ப்பா. நிறுத்தினா பயப்படக் கூடாதுன்னு எங்க டீச்சர் நூறு தடவை சொல்லியிருக்காங்க. மெலிசாப் பாடினது நானா வேணும்னு பாடினது."

*

மகளின் கலை எங்களுக்கு முதலில் அந்நியமாக இருந்ததற்குக் காரணம் மொழியல்ல, ஒலிபெருக்கி. கர்நாடக இசையைக் கேட்டு வளர்ந்த எங்கள் செவிகளுக்குக் குரல் என்றாலே மைக்கில் வருவதுதான். மெல்ல இழையும் ஒரு கமகத்தைக் கடைசி வரிசைவரை கொண்டுசேர்ப்பது மின்சாரத்தின் வேலை. ஓபராவில் அது கிடையாது. அறுபது எழுபது வாத்தியங்கள் முழங்கும்போது, அவற்றைத் தாண்டி, ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவான நீளமுள்ள இரண்டு சவ்வுகளைக் கொண்டு ஆயிரக்கணக்கானோர் அமர்ந்த கூடத்தை ஒரு பெண் நிரப்ப வேண்டும். அவள் உச்ச ஷட்ஜம் போன்ற மேல் ஸ்தாயி 'சி'யைத் தொடும்போது அந்தச் சவ்வுகள் ஒரு நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் மூடித் திறக்கின்றன.

கத்தினால் இது நடக்காது. கத்தினால் பத்தாண்டில் குரல் போய்விடும். தொண்டைக்கும் வாய்க்கும் இடைப்பட்ட வெளியைச் சரியான வடிவில் வைத்தால் ஒலி தானாகப் பெருகுகிறது. 1970-களில் யோஹான் சுண்ட்பெர்க் என்ற சுவீடன் அறிஞர் இதை ஆராய்ந்தார். பயின்ற பாடகர்களின், குறிப்பாக ஆண் பாடகர்களின் குரலில், நொடிக்கு மூவாயிரம் அதிர்வுகளை ஒட்டி ஒரு தனிச் செறிவு இருக்கிறது. வாத்தியக் குழுவின் ஒலிவலிமை ஐந்நூறை ஒட்டிய பகுதியில் உச்சம் அடைந்து, மேலே போகப்போகக் குறைந்துவிடுகிறது. வாத்தியங்கள் விட்டுவைத்த இடுக்கு வழியாகப் பாடகர் நுழைந்துவிடுகிறார். சோப்ரானோக்கள் உயரத்தில் வேறு வழியைக் கையாள்கிறார்கள். வாயின் திறப்பை மாற்றி, குரல்பாதையின் ஒத்ததிர்வைப் பாடும் ஸ்வரத்தோடு இணைத்துக்கொள்கிறார்கள்.

நம்மிடமும் இப்படிப்பட்ட குரல்கள் இருந்தன என்பதை இதன் பிறகே நினைத்துப் பார்த்தோம். எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல் தம் இருபத்தேழாம் வயதில் மறைந்தார். அவரும் கே. பி. சுந்தராம்பாளும் கொட்டகை நாடகங்களில் ஒலிபெருக்கியின்றிக் கூட்டத்தின் கடைசிவரை எட்டியவர்கள். அந்தக் குரல்கள் ஏன் அப்படி ஒலித்தன என்று கேட்டால் தெய்வ அருள் என்பார்கள் நம் முன்னோர். அதில் எவ்வளவு உடற்பயிற்சி இருந்தது என்று யாராவது ஆராய்ந்தால் நன்றாக இருக்கும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நம் இசையில் பாடுகிறவர் தம் சுருதியைத் தாமே அமைத்துக்கொள்கிறார். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணும் ஒரு கட்டையில் பாடும் ஆணும் அதே கீர்த்தனையைப் பாடலாம். ஓபராவில் ஸ்வரத்தின் உயரம் எழுதியவரால் நிலைநிறுத்தப்பட்டது. ஆகவே எந்தப் பாத்திரம் எந்தக் குரலுக்கு என்பது வாழ்வா சாவா என்பதைப் போன்ற கேள்வி. இருபத்திரண்டு வயதில் அதற்கு உறுதியான பதில் கிடையாது. பெரிய குரல்கள் முப்பதை நெருங்கும்போதுதான் நிலைபெறுகின்றன. இப்போது மென்குரல் சோப்ரானோவாகத் தோன்றும் ஒருத்தி பத்தாண்டு கழித்து மெட்ஸோவாக இருக்கலாம்.

*

அப்படியானால் அந்தப் பத்து நிமிடத்தில் அவர்கள் எதைத்தான் கேட்கிறார்கள்? இந்தக் கேள்வியைப் பெற்றோருக்கான ஒரு கூட்டத்தில் ஒரு தந்தை கேட்டார். பதில் சொன்ன பேராசிரியர் தேர்ச்சியைப் பற்றி அதிகம் பேசவில்லை. பிழையின்றிப் பாடுவோர் நிறையப் பேர் வருகிறார்கள் என்றார். நாங்கள் கேட்பது இந்தக் குரல் இப்போது என்ன செய்கிறது என்பதை மட்டுமல்ல, இதில் இன்னும் வராதது என்ன, அதை வரவழைக்க எங்களில் யாருக்காவது தெரியுமா என்பதையும்தான் என்றார்.

இது எங்களுக்குப் புதிதாக இருந்தது. நாம் எழுதிய தேர்வுகள் எல்லாம் தெரிந்ததை அளப்பவை. இங்கே தேர்வு எழுதுவது பாதி மாணவர், பாதி ஆசிரியர். குரலிசையில் ஒவ்வொரு பேராசிரியருக்கும் ஒரு மாணவர் குழு உண்டு. அதை ஸ்டூடியோ என்கிறார்கள். வாரம் ஒரு மணி நேரம் தனிப்பாடம் அந்த ஒரு ஆசிரியரிடம்தான். பள்ளியில் சேர்கிறோம் என்று சொல்வது ஒரு வசதிக்காக. உண்மையில் ஒரு ஸ்டூடியோவில் சேர்கிறார்கள். ஓர் ஆண்டு அவர் குழுவில் இரண்டு இடம்தான் காலியாகிறது என்றால், அந்த இரண்டுக்கு அவர் இரண்டு சோப்ரானோக்களைச் சேர்ப்பாரா, ஒரு டெனரையும் ஒரு பாரிட்டோனையும் சேர்ப்பாரா என்பது பாடுகிறவரின் கையில் இல்லை. விண்ணப்பிப்போரில் சோப்ரானோக்களே மிகுதி. டெனர்கள் எங்கும் பஞ்சம். மகளோடு படித்த டெனர் பையனைப் பற்றி அவளுடைய தோழிகள் பேசும்போது, நம்மூரில் அரசு வேலை கிடைத்த மாப்பிள்ளையைப் பற்றிப் பேசும் தொனி இருக்கும்.

மகள் ஒவ்வொரு பள்ளியிலும் அங்கே படிக்கும் மாணவர்களைத் தேடிப் பிடித்துச் சில கேள்விகள் கேட்டாள். இந்த ஆண்டு எத்தனை சோப்ரானோக்கள்? ஓபராவில் வேடம் கிடைத்தது யாருக்கு, முதுகலை மாணவர்களுக்கா, முனைவர் பட்ட மாணவர்களுக்கா? ஆசிரியர் வெளியூர்க் கச்சேரிகளுக்காக எத்தனை வாரம் இருக்க மாட்டார்? அவர் மாணவர்களின் குரல்கள் ஒன்றுபோல் ஒலிக்கின்றனவா, வெவ்வேறாகவா? கடைசிக் கேள்வி எங்களை யோசிக்க வைத்தது. எல்லா மாணவரும் ஆசிரியரைப் போலவே பாடினால் அவர் தம் குரலைக் கற்பிக்கிறார், அவர்களுடையதை அல்ல என்று விளக்கினாள்.

*

தேர்வை ஒட்டி, விரும்பும் ஆசிரியரிடம் அரைமணி நேர மாதிரிப் பாடம் கேட்டுப் பெறலாம். நான்கு நாள் தேர்வுகளில் அவளுக்குக் கிடைத்த நாற்பது நிமிடங்களைவிட இந்த அரைமணிகள் முக்கியமானவை என்று இப்போது தோன்றுகிறது.

ஓரிடத்தில் பெயர்பெற்ற ஆசிரியர். மகளின் மொஸார்ட்டை முழுதும் கேட்டு, மிக நன்று என்றார். இரண்டொரு திருத்தங்கள் சொன்னார். தம் மாணவர்கள் எந்தெந்த அரங்குகளில் பாடுகிறார்கள் என்று அன்போடு விவரித்தார். மகள் மலர்ந்த முகத்தோடு வந்தாள்.

இன்னொரு இடத்தில், அவ்வளவாக வெளியே பேசப்படாத ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில், அறுபதைத் தாண்டிய ஓர் அம்மையார். ஒருகாலத்தில் மேடையில் மெட்ஸோவாகப் பாடியவர். மகள் மொஸார்ட்டின் முதல் பக்கத்தைப் பாடியதும் நிறுத்தச் சொன்னார். பிறகு அந்த அரைமணி முழுக்க ஐந்து ஸ்வரங்களை 'ஊ' என்ற ஒரே உயிரில் ஏற்றி இறக்கச் சொன்னார். மகளின் கட்டைவிரலைத் தாடைக்கடியில் வைக்கச் சொல்லி, உயரம் போகும்போது நாக்கின் அடிப்பகுதி இறுகுவதை அவளையே தொட்டறியச் செய்தார். அந்த இறுக்கம் இன்னும் ஐந்தாண்டில் உச்ச ஸ்வரங்களைக் குறுக்கிவிடும் என்றார். சூசன்னாவை ஓராண்டு ஒதுக்கிவை, அந்தப் பாட்டு உன் குறையை மறைக்கப் பழகிவிட்டது என்றும் சொன்னாராம்.

அவள் நான்காண்டாக உரமிட்டு வளர்த்த பாட்டு அது. எல்லாப் பள்ளிகளிலும் முதலில் பாடியது அதைத்தான். காரில் ஏறியவள் வெகுநேரம் பேசவில்லை. நெடுஞ்சாலையில் பனி பறந்துகொண்டிருந்தது. நாங்களும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் போனபின் அவளாகவே சொன்னாள்.

"கடைசியா ஒரு 'ஊ' வந்துச்சும்மா. அது என் குரல் மாதிரியே இல்ல. பெரிசா இருந்துச்சு. பயமா இருந்துச்சு."

அன்றிரவு கும்பகோணத்துக்குப் பேசினோம். மகளின் பாட்டிக்கு எண்பத்தொன்று வயது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு நாற்பது ஆண்டு பாட்டுச் சொல்லித் தந்தவர். பேத்தி மைக் இல்லாமல் பாடுகிறாள் என்பது அவருக்குப் பெருமை; எந்த மொழியில் பாடுகிறாள் என்பதில் அக்கறை இல்லை. நான்கு பல்கலைக்கழகங்களின் பெயர்களையும் தரவரிசைகளையும் நாங்கள் ஒப்பித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும், சொல்லித் தரப்போறது யாரு?" என்றார்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அப்போது நினைவுக்கு வந்தது. ஏழாண்டு பயின்று பன்னிரண்டு வயதில் அரங்கேறும் மாதவியைப் பற்றியது அந்தக் காதை. ஆனால் அவள் ஆடத் தொடங்கும் முன் இளங்கோ ஆடலாசானின் தகுதியைச் சொல்கிறார். இசையாசிரியன், கவி இயற்றும் புலவன், தண்ணுமை முழக்குபவன், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவரின் இலக்கணத்தையும் வரிசையாகச் சொல்கிறார். அரங்கின் நீள அகலத்தைக்கூட அளந்து சொல்கிறார். மன்னன் தரும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் கடைசியில்தான் வருகிறது. படிக்கும் காலத்தில் அந்த நீண்ட பட்டியலை நாங்கள் தாண்டிப் போயிருக்கிறோம். மகளின் தேர்வுக்குப் பிறகு அதை மீண்டும் படித்தபோது ஒரு வரிகூடத் தாண்டத் தோன்றவில்லை.

*

முடிவுகள் மார்ச்சில் வந்தன. இரண்டு பள்ளிகள் மறுத்தன. கடிதங்கள் பண்போடு எழுதப்பட்டிருந்தன. காரணம் எதுவும் இல்லை. மலர்ந்த முகத்தோடு வந்தாளே, அந்தப் பெயர்பெற்ற தனியார் பள்ளி இடம் தந்தது. கட்டணத்தில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தது. அமெரிக்காவின் தனியார் இசைப் பள்ளிகள் சிலவற்றில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 50,000 டாலரைத் தாண்டுகிறது. 2005-இல் கிடைத்த பெருங்கொடையால் யேல் இசைப் பள்ளி கட்டணமின்றிக் கற்பிக்கிறது. ஆனால் அங்கே ஓபராவுக்கு எடுக்கும் எண்ணிக்கை மிகச் சிறியது. தள்ளுபடி போக, இரண்டாண்டுப் படிப்புக்கும் தங்குமிடத்துக்கும் சேர்த்து எங்கள் கணக்கில் எழுபதாயிரம் டாலர் கடன் நின்றது. மாநிலப் பல்கலைக்கழகமும் இடம் தந்தது. கட்டணம் முழுவதும் விலக்கு, மாதம் ஒரு சிறு உதவித்தொகை; பதிலுக்கு அவள் இசையைப் பாடமாக எடுக்காத இளங்கலை மாணவர்களுக்கு வாரம் சில மணி நேரம் பாட்டுக் கற்பிக்க வேண்டும்.

இத்தகைய உதவித்தொகையை ஏற்பதா என்று முடிவு சொல்ல மாணவர்களுக்கு ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவதென அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் உடன்பட்டிருக்கின்றன. அந்த நான்கு வாரங்கள் தேர்வு வாரங்களைவிடக் கடினமானவை. வீட்டை அடகு வைத்தால் எழுபதாயிரம் புரட்ட முடியும். அதை அவளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டோம். புகழ்பெற்ற பள்ளியின் பெயர் சில கதவுகளைத் திறக்கும் என்பதும் பொய்யல்ல. இன்னொரு பக்கம், ரெனே ஃப்ளெமிங் இளங்கலை படித்தது நியூயார்க் மாநிலத்தின் பாட்ஸ்டாம் என்ற சிற்றூரிலுள்ள அரசுக் கல்லூரியில். ஈஸ்ட்மனும் ஜூலியார்டும் அதற்குப் பின் வந்தவை. ஆனால் ரெனே ஃப்ளெமிங்கை எடுத்துக்காட்டாகச் சொல்லி யாரும் தம் பிள்ளைக்கு வழிகாட்ட முடியாது. அவரைப் போலவே படித்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். முதுகலை முடித்தாலும் அதன்பின் ஓபரா நிறுவனங்களின் இளங்கலைஞர் திட்டங்களுக்கு மறுபடி தேர்வு, மறுபடி வரிசை, மறுபடி பத்து நிமிடம். அதற்குப் பிறகும் வருமானம் நிச்சயமில்லை. இதையெல்லாம் அவள் எங்களைவிட நன்றாக அறிந்திருந்தாள்.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒருநாள் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா, அங்க போனா என்னை எல்லாரும் பாராட்டுவாங்க. இங்க போனா அந்த 'ஊ' என்னன்னு தெரியும்." கடனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடனும் அவள் கணக்கில் இருந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அது இல்லாவிட்டாலும் அவள் இதையே தேர்ந்திருப்பாளா என்று நாங்கள் கேட்கவில்லை. சில கேள்விகளுக்கான பதிலைப் பெற்றோர் பெறாமல் இருப்பதே முறை என்று தோன்றியது.

மகள் சேர்ந்த முதல் ஆண்டு முழுவதும் சூசன்னாவைத் தொடவில்லை. ஆசிரியை அவளுக்கு ஐந்து ஸ்வரங்களையும் சில பழைய இத்தாலியப் பாடல்களையும் மட்டுமே தந்தார். ஓபராவில் அவளுக்குக் கிடைத்தது குழுப்பாடகர்களில் ஓர் இடம். தொலைபேசியில் பேசும்போது சில வாரம் சோர்வு தெரியும். சில வாரம் இன்றைக்கு நாக்கு இறுகவில்லை என்று ஒரு வரி வரும். அவள் அதிகம் பேசுவது தன் மாணவர்களைப் பற்றி. கணினி படிக்கும் ஒரு பையன், செவிலியர் படிப்பிலுள்ள ஒரு பெண், முப்பது வயதில் கல்லூரிக்குத் திரும்பிய ஒருவர். இவர்களில் யாரும் மேடைக்குப் போகப் போவதில்லை. முதல் வகுப்பில் அந்தக் கணினி மாணவன் தரையைப் பார்த்துக்கொண்டே பாடினானாம். பாட்டு நன்றாக இல்லை என்றாள். ஆனால் மூன்றாம் ஸ்வரத்தில் ஒரு நொடி அவன் தொண்டை தானாகத் திறந்ததைக் கேட்டாளாம். அதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.